வாட்டர் வாஷ் பம்ப்: பெல்ட்டா, கப்ளிங்கா?

வணக்கம் நண்பரே. வண்டி கழுவும் கடைக்கு, 950 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 950 சுற்று), நிமிடத்துக்கு 18 லிட்டர், 100 பார் அழுத்தம் என்று தகட்டில் போட்ட பிளஞ்சர் பம்பை (தண்டு முன்னும் பின்னும் போய்த் தண்ணீரைத் தள்ளும் வகை), கைவசம் இருக்கும் 5 எச்பி, 1440 ஆர்பிஎம் மோட்டாரோடு நேராக கப்ளிங் (இரண்டின் சுழல்தண்டையும் இணைக்கும் துண்டு) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பெல்ட்டே போடுங்கள்.

கணக்கு இதுதான். பாரை லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தண்ணீருக்குத் தேவையான கிலோவாட் வரும். உங்களுக்கு 3. பம்ப், பெல்ட் இழப்பெல்லாம் சேர்த்தால் மூன்றரை. 5 எச்பி என்பது 3.7 கிலோவாட், மயிரிழையில் தப்பிக்கிறது. அதே பம்பை 1440-இல் சுற்றினால் 27 லிட்டர் தள்ளப் பார்க்கும். 100 பாருக்கு மோட்டாரிடம் ஐந்து கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே விழுந்துகொண்டே இருக்கும். பம்பின் சீலும் (தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையம்) வால்வும் சீக்கிரம் போய்விடும்.

மோட்டாரில் 4 அங்குல புல்லி, பம்பில் 6 அங்குலம்: 960 ஆர்பிஎம், போதும். இரண்டு பெல்ட் ஓடும் புல்லியாக வாங்குங்கள், தேய்ந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். இரண்டு புல்லியின் முகத்திலும் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் நான்கு இடத்திலும் தொட வேண்டும், இல்லையென்றால் பெல்ட் ஓரம் அரிக்கும். பெல்ட்டை அதிகமாக இறுக்கினால் பேரிங் பாழ். கடையில் பையன்கள் ஈரக்கையோடு நடமாடுவார்கள், பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

வேகத்தைக் குறைக்க பெல்ட்டுக்குப் பதில் கியர்பாக்ஸ் போடுவது, பம்பை பெட்ரோல் எஞ்சினோடு வண்டியில் கொண்டுபோகிறவர்களுக்குச் சரி. உங்களுக்கு அது வீண் செலவு.

அப்புறம், பம்பின் பழைய சீல் ஒழுகியது என்றீர்களே, கீழே இருக்கும் சம்ப்பிலிருந்து பம்ப் தண்ணீர் இழுப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். பம்புக்கு மேல் மட்டத்தில் சின்ன டேங்க் வைத்துப் பாருங்கள்.