காருக்கு வந்த தலைக்கவச அபராதம்: பணம் கட்ட வேண்டாம்

வணக்கம். உங்கள் காருக்குத் தலைக்கவசம் அணியாத குற்றத்திற்காக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் 1,000 ரூபாய் இ-சலான் (மின்னணு அபராதச் சீட்டு) வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தொல்லை விட்டால் போதுமென்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், அதே பிரிவில் ஓட்டுநர் உரிமத்திற்கு 3 மாதத் தகுதியிழப்பும் இருக்கிறது.

முதலில் சலானிலுள்ள படத்தைப் பெரிதாக்கி எண் பலகையைப் பாருங்கள். யாரோ ஒருவருடைய பைக் எண்ணிலுள்ள 3, தவறாக 8 என்று படிக்கப்பட்டு உங்கள் காரின் எண்ணாகியிருக்கலாம். அந்தப் படத்துடன் ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று) நகலையும் இணைத்து, மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கு ஏற்கெனவே, இணையவழியில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றத்திற்குப் போயிருந்தால், அபராதம் செலுத்துவதா, வழக்கை எதிர்த்து வாதிடுவதா என்று அந்த நீதிமன்றத்தின் தளம் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்திற்கு மாற்றப்படும். அங்கே ஒரு நாள் அலைச்சல்தான், ஆனால் ஆர்.சி.யில் வாகன வகை எழுதியிருக்கும் அந்த ஒரு வரியே உங்களுக்காகப் பேசும். ஆர்.சி.யின் அசலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.