இளைத்தவளும் ஒல்லியானவளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஸ்பெயினில் கிரானடா பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பு படிக்கிறேன். ஆங்கிலச் சிறுகதை ஒன்றை ஸ்பானியத்துக்குக் கொண்டுவரும் பயிற்சி. கதையில் ஒரு பையன், பல ஆண்டுகளுக்குப் பிறகு ரயிலில் வந்து இறங்கும் தன் அத்தையைப் பார்க்கிறான். ஆங்கிலத்தில் 'ஷி வாஸ் தின்' என்று மூன்றே சொற்கள். நான் 'ஏரா தெல்காதா' என்று எழுதினேன். ஆசிரியர் அடியில் சிவப்புக் கோடு போட்டுக் கேள்விக்குறி இட்டார். 'ஏரா ஃப்ளாக்கா' என்று மாற்றினேன். மறுபடியும் கேள்விக்குறி. 'ஏரா எஸ்பெல்தா' என்றேன். அதற்கும் அதேதான். அடுத்த வரியில் வரும் 'லிட்டில் வுமன்' என்பதை 'முஹேர் பெக்கேன்யா' (சிறிய பெண்) என்று எழுதியதற்கும் ஒரு கோடு.

ஆங்கிலத்தில் ஸ்லிம், ஸ்லெண்டர், ஸ்கின்னி, லீன், கான்ட் என்று எத்தனையோ இருக்கின்றன. ஸ்பானியத்தில் அவ்வளவு நுட்பம் இல்லையோ என்று தோன்றுகிறது. எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்த ஸ்பானியச் சொல் என்று நம்பகமான ஒரு பட்டியல் தர முடியுமா? 'லிட்டில்' வரும் இடங்களில் எல்லாம், சிறியது என்று காட்டும் '-இத்தோ' விகுதியைச் சேர்த்தால் போதுமா? இரண்டு மொழியுமே தாய்மொழியாக இல்லாத நம்மைப் போன்றவர்கள் இந்த வேலையைச் செய்யலாமா?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

வேறொருவர் செய்த நாவல் மொழிபெயர்ப்பு ஒன்றைச் சில வாரங்களாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அதில் சிறையிலிருந்து வந்தவனும் நடனக்காரியும் காசநோயாளியும் ஒரே மாதிரி ஒல்லியாக இருக்கிறார்கள், ஏதோ தாயின் வயிற்றிலிருந்தே அப்படிப் பிறந்து வந்தவர்கள் போல. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'நுட்பம் இல்லையோ' என்ற பேச்சை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மொழிக்குள் நுழைந்து சில பருவங்கள்கூட ஆகாத நிலையில் அதை ஏழை என்று சொல்லாதீர்கள். ஆங்கிலத்தின் 'தின்' ஒற்றைச் சொல்லாக எத்தனை வீடுகளில் வேலை பார்க்கிறது என்று பாருங்கள். தலைமுடி அடர்த்தியில்லாமல் இருந்தால் ஸ்பானியத்தில் ராலோ. ஒவ்வோர் இழையும் மெல்லியதாக இருந்தால் ஃபீனோ. சூப் நீர்த்திருந்தால் அகுவாதோ. மலையுச்சியின் காற்று என்ராரெசீதோ. இறைச்சியில் கொழுப்பில்லாவிட்டால் மாக்ரோ. மெலிந்த குரலுக்கு அடைமொழியே வேண்டாம், 'ஒரு நூல் குரல்' என்பார்கள். மனிதர்களுக்கு வந்தால் தெல்காதோ, ஃப்ளாக்கோ, எஸ்பெல்தோ, மெனூதோ, என்ஹூத்தோ, எஸ்குவாலிதோ, தெமாக்ராதோ என்று போய்க்கொண்டே இருக்கும் (பெண்ணைச் சொன்னால் ஈற்று 'ஓ' 'ஆ' ஆகும்). உங்களுக்கு அகப்படவில்லை என்பதற்காக அம்மொழியில் இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது உங்கள் வாக்கியம். மூன்று முறை மாற்றியிருக்கிறீர்கள், மூன்று முறையும் அடைமொழியை மட்டும். அதற்கு முன்னால் நிற்கும் 'ஏரா'வை ஒருமுறைகூடத் தொடவில்லை. உங்கள் ஆசிரியர் கோடு போட்டது முழு வாக்கியத்தின் அடியில் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்! அந்தக் கேள்விக்குறி வினைச்சொல்லுக்கு உரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்பானியத்தில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு, செர், எஸ்தார். உங்களுக்குத் தெரியும்; மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செர் போட்டு 'எஸ் தெல்காதா' என்றால் அவள் ஒல்லியானவள், அவளுடைய உடல்வாகு அது. எஸ்தார் போட்டு 'எஸ்தா தெல்காதா' என்றால் இப்போது ஒல்லியாக இருக்கிறாள், அதாவது முன்பு பார்த்ததைவிட, அல்லது நாம் எதிர்பார்த்ததைவிட. இறந்த காலத்தில் இவை 'ஏரா', 'எஸ்தாபா' ஆகும். ஆங்கிலத்தின் 'வாஸ்' இந்த இரண்டையும் விழுங்கிவிட்டு வாய்மூடி நிற்கிறது. ஆங்கில எழுத்தாளர் முடிவு செய்யாமல் விட்டதை ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தே ஆக வேண்டும். தப்பிக்க வழியில்லை.

பாடப்புத்தகங்கள் செர் நிரந்தரம், எஸ்தார் தற்காலிகம் என்று சொல்லிக்கொடுக்கின்றன. தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். ஒருவர் இறந்து கிடப்பதை ஸ்பானியர்கள் எஸ்தார் போட்டுத்தான் சொல்கிறார்கள். சாவைவிட நிரந்தரம் எது? இளமைக்கோ செர் போடுகிறார்கள். இளமை எத்தனை நாள் நிற்கும்? காலஅளவு இங்கே பேச்சே இல்லை. செர் ஒருவரை ஒரு வகையில் சேர்க்கிறது. எஸ்தார் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறது, அதைப் பார்க்கிறவர் ஒருவரையும் கூடவே கூட்டி வருகிறது. 'எஸ்தாபா தெல்காதா' என்று எழுதிய கணத்தில், அத்தையை முன்பு சதைப்பிடிப்போடு பார்த்திருந்த பையன் அந்த வாக்கியத்துக்குள் வந்து நின்றுவிடுகிறான். நீங்கள் 'ஏரா' என்று எழுதி அவனை நடைமேடையிலிருந்து விரட்டிவிட்டீர்கள். பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கிறான் என்று கதையே சொல்கிறதே!

நீங்கள் தமிழ்ப்பெண். இந்த வேற்றுமையை ஆங்கிலேயருக்கு விளக்க மணிக்கணக்காகும். உங்களுக்கு ஏன் விளக்க வேண்டும்? ஊரிலிருந்து வந்த பெண்ணைப் பார்த்து 'நீ ஒல்லியானவள்' என்று எந்தப் பாட்டி சொல்வார்? 'இளைத்துவிட்டாயே' என்பார். அந்த 'விட்டாயே'வில் இருப்பதுதான் எஸ்தார். இதைப் பிறவியிலேயே காதில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குக் குறுக்குவழி போட்டிருக்கிறீர்கள். தமிழைக் கரையில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்லி உங்களிடம் யார் சொன்னது? உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதற்குமேல் பதில் கிடையாது.

பார்சலோனாவின் ராவல் பகுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே ஒரு மருத்துவ நிலையத்தில், ஆங்கிலம் மட்டும் பேசும் நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவே மொழிபெயர்க்க நாங்கள் சிலர் போவோம். ஒருநாள் என் முறைக்காக ஓரமாக உட்கார்ந்திருந்தேன். காதுவலி என்று ஒரு சிறுவனைத் தாய் கூட்டி வந்திருந்தார். மருத்துவர் பொதுவாக உடல்நிலை எப்படி என்று கேட்டார். பையன் ஒல்லி, ஆனால் நன்றாகச் சாப்பிடுவான் என்று தாய் ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்த்த இளைஞர் 'எஸ்தா தெல்காதோ' என்றார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எப்போதிலிருந்து? எத்தனை கிலோ குறைந்தது? இரவில் வியர்க்கிறதா, இருமல் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா? காதுவலிக்கு வந்த தாயின் முகம் வெளுத்துப் போயிற்று. 'எப்போதுமே இப்படித்தான்' என்று அவர் சொல்லச் சொல்ல, எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் மருத்துவருக்கு வலுத்தது. கடைசியில் அந்தத் தாய் கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். மூன்று வயதுப் பையன், கடற்கரையில், அதே விலா எலும்புகளோடு சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த வயதான செவிலிதான் முதலில் புரிந்துகொண்டார். 'ஆ, எஸ் தெல்காதோ!' என்றார்.

அந்த இளைஞர் எடுத்த அடைமொழியில் பிழையே இல்லை. பட்டியலில் பார்த்தால் முழு மதிப்பெண் போடுவீர்கள். ஆனாலும் ஒரு தாயைக் கால்மணி நேரம் கலங்க வைத்தது அந்த மொழிபெயர்ப்பு. பட்டியல் கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லாமல் போனது இதனால்தான்.

அடைமொழிகளுக்கே இந்த வினைகளில் சாய்வு உண்டு. எஸ்பெல்தோ அழகான உடல்வாகு. அது செர் பக்கம் நிற்கும். நோய்வாய்ப்பட்டு, முகம் ஒட்டிப்போய் ரயிலிலிருந்து இறங்குகிறவளை எஸ்பெல்தா என்று எழுதினால் பையன் அத்தையின் அழகை வியக்கிறான் என்று ஆகும். மெனூதோ சிறுகூடான உடம்பு. அதுவும் செர் பக்கம்தான். தெமாக்ராதோ வாடிப்போன முகம். அது எஸ்தார் பக்கம். எலும்பும் தோலுமாக இருப்பதை 'எலும்புகளில் இருக்கிறான்' என்கிறார்கள், அங்கேயும் எஸ்தார்தான். தெல்காதோவும் ஃப்ளாக்கோவும் இரண்டு பக்கமும் போகும். அதனால்தான் அவற்றில் ஆபத்து அதிகம். இவற்றிலிருந்து பிறக்கும் வினைகளையும் பாருங்கள். அதெல்காஸார் என்றால் எடை குறைவது, பலர் விரும்பிச் செய்வது. என்ஃப்ளாக்கெஸேர் என்றால் சத்து வற்றி மெலிவது, யாரும் விரும்பாதது. உங்கள் அத்தைக்கு ஒருவேளை அடைமொழியே தேவைப்படாது. ஒரு வினை போதும்.

என்ஹூத்தோவை நீங்கள் குறிப்பிடவே இல்லை. லத்தீனில் 'உறிஞ்சப்பட்டது' என்ற பொருளிலிருந்து வந்த சொல். 1605இல் செர்வாண்டிஸ் தன் நாவலின் நாயகன் தோன் கிஹோத்தேயை (ஆங்கிலத்தில் டான் குவிக்சாட்) அறிமுகப்படுத்தும்போது முகத்துக்கு இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். அதே தொடக்கத்தில் அவனுடைய குதிரைக்கு ஃப்ளாக்கோ. இருவரும் மெலிந்தவர்களே. ஆனால் மனிதன் வற்றி இறுகியவன், குதிரை சோர்ந்து நலிந்தது. மனிதனுக்கு அங்கே வரும் வினை 'ஏரா'. யாரும் அவனுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, அவன் அப்படிப்பட்டவன். உங்கள் அத்தையோ அப்படிப்பட்டவள் அல்ல.

ஃப்ளாக்கோ பற்றி இன்னும் கொஞ்சம். அதன் உள்ளே பலவீனம் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளாக்கேஸா என்றால் பலவீனம்தான். ஸ்பெயினில் ஒருவரை அப்படிச் சொன்னால் தெல்காதோவைவிடச் சற்றுக் கரடுமுரடாக விழும். அதே சொல் அட்லாண்டிக்கைத் தாண்டியதும் இளகிவிடுகிறது. அர்ஜென்டினாவில் மனைவியைக் கணவன் 'ஃப்ளாக்கா' என்று கூப்பிடுவான், தெருவில் முன்பின் தெரியாத இளைஞனையும் 'ஃப்ளாக்கோ' என்பார்கள், அவன் ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 1978இல் அந்த நாட்டுக்குக் கால்பந்து உலகக் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் மெனோத்தியை நாடே 'எல் ஃப்ளாக்கோ' என்றுதான் அழைத்தது. மெக்சிகோவிலோ 'லா ஃப்ளாக்கா' என்பது மரணத்துக்கும் ஒரு பெயர். எந்த ஊர் வாசகருக்கு மொழிபெயர்க்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதை முதலில் தீர்மானியுங்கள்.

'-இத்தோ' கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். போதாது. ஆங்கிலத்தின் 'ஸ்மால்' அளவைச் சொல்கிறது. 'லிட்டில்' பெரும்பாலும் மனத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஸ்பானியத்தில் அந்த மனம் பெயர்ச்சொல்லின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது சரிதான். புவெனோஸ் அய்ரெஸில் பணியாற்றிய மொழியியலாளர் அமாதோ அலோன்சோ 1935லேயே இந்த விகுதிகளின் முதல் வேலை உருவத்தைச் சிறிதாக்குவதல்ல, உணர்ச்சியைக் காட்டுவது என்று நிறுவினார். ஆனால் எந்த உணர்ச்சி? ஒரு தாய் தன் மகனை 'ஓம்ப்ரெசீத்தோ' என்றால் பெரிய மனிதனாகிவிட்டான் என்ற பெருமிதம். அதே 'சிறிய மனிதன்' 'ஓம்ப்ரெசீயோ' என்று வந்தால் இளக்காரம். நீங்கள் இருக்கும் கிரானடாவில் பழைய ஆட்களின் வாயில் '-இக்கோ' என்று இன்னொன்று கேட்கும். சந்தைக்குப் போய் நின்று கேளுங்கள், நூலகத்தில் அது கிடைக்காது.

உங்கள் அத்தைக்கு 'முஹேர் மெனூதா' பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலப் பழக்கத்தில் அடைமொழியை முன்னால் தூக்கி வைத்து 'மெனூதா முஹேர்' என்று எழுதிவிடாதீர்கள். ஸ்பெயினில் அதற்கு 'அடேயப்பா, என்ன பெண்!' என்று பொருள். சிறுகூடான பெண் ஒரே நொடியில் ஊரே திரும்பிப் பார்க்கும் பெண்ணாகிவிடுவாள்.

நீங்கள் மூன்று முறை அடித்துத் திருத்தியது வீண் போகவில்லை, நிவேதா. கேள்விக்குறியைப் பார்த்ததும் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் நான்காவது முறை அகராதியைத் திறக்காதீர்கள். கதையை முதலிலிருந்து படியுங்கள். அத்தை கடைசியாக எப்போது வந்தாள், அப்போது பையனுக்கு என்ன வயது, அவளை அவன் எப்படி நினைவில் வைத்திருந்தான், இடையில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று தேடுங்கள். ஆங்கிலக் கதை இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், உங்களுக்கு எது உண்மை என்று படுகிறதோ அதை முடிவு செய்யுங்கள். திருத்திய பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். அவள் எப்போது, எதனால் இளைத்தாள் என்பதைத் தமிழில் இரண்டு வரி எழுதிக் கூடவே வையுங்கள். அந்த இரண்டு வரி இல்லாமல் வந்தால் நான் பக்கத்தைப் பார்க்க மாட்டேன்.

அன்புடன்