கேளுங்கள், சொல்கிறேன்: கலை இரவும் மறுநாள் காலையும்

கேள்வி: அம்மா, பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு மாணவர் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறேன். ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகிறோம். நடனம், ஆடை அணிவகுப்பு, உணவு எல்லாம் உண்டு, அரங்கம் நிரம்பிவிடும். மறுநாள் பார்த்தால் அவரவர் நாட்டுக்காரர்கள் அவரவரோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நிகழ்ச்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், தம்பி. மேடையை அப்படியே வைத்துக்கொண்டு ஒத்திகையை மாற்றுங்கள். ஒரு நாட்டின் நடனத்தை அந்த நாட்டு மாணவர்களே ஆடினால் மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான்கு நாட்டு மாணவர்கள் சேர்ந்து ஐந்தாவது நாட்டின் நடனத்தைக் கற்றுக்கொள்ளட்டும். மாலைதோறும் கால் தவறி, திட்டு வாங்கி, சேர்ந்து சிரிக்கும்போதுதான் நட்பு முளைக்கிறது.

1909இல் நியூயார்க்கில் நடந்தது ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்கு ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் காலை வணக்கம் சொன்னார். இங்கு வந்த மூன்று வாரத்தில் என்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார் அந்த மாணவர். எட்மண்ட்ஸும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்கு உணவுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். பின்னர் அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லர் பண உதவி செய்ய, 1924இல் 'இன்டர்நேஷனல் ஹவுஸ்' என்ற விடுதி எழுந்தது. பெர்க்லியிலும் சிகாகோவிலும் அதே வழியில் விடுதிகள் வந்தன. கட்டடம் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த உணவு மேசை இருந்தது. நீங்களும் மாதம் ஒருமுறை அப்படியொரு மேசை போடுங்கள். யார் எங்கே உட்காருவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். "உங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் பாடப்புத்தகம் போல வரும். "உங்கள் பாட்டி எந்த மொழியில் திட்டுவார்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு மாணவிதான் வந்திருக்கிறார் என்பதற்காக, அவர் தேசிய உடையில் மேடையேறியே தீரவேண்டும் என்பதில்லை. முதலில் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். தன் ஆய்வைப் பற்றிப் பேச விரும்பினால் அதற்கும் மேடை கொடுங்கள்.

பிப்ரவரி 21ஐயும் விட்டுவிடாதீர்கள். யுனெஸ்கோ 1999இல் அறிவித்த உலகத் தாய்மொழி நாள் அது. அவரவர் மொழியில் கவிதை வாசிப்பதோடு நிறுத்தாமல், 1952இல் இதே நாளில் வங்க மொழிக்காக டாக்காவில் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வரலாற்றையும் வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவரை அழைத்துச் சொல்லச் செய்யுங்கள்.

கேள்வி: நான் இயற்பியல் மாணவி. பன்னாட்டு உறவுகள் துறை நடத்தும் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் போவதில் எனக்கு ஏதாவது பயன் உண்டா?

பதில்: உங்கள் துறைக்காரர்களே போட்ட பாதை அது, மகளே! அணு ஆயுதப் போரின் ஆபத்தை எச்சரித்து தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இயற்பியலாளர் ஐன்ஸ்டீனும் கையெழுத்திட்ட அறிக்கை 1955இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 1957இல் கனடாவின் பக்வாஷ் என்ற சிற்றூரில், பகை முகாம்களாக நின்ற நாடுகளின் விஞ்ஞானிகள் ஒன்றாகக் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த பக்வாஷ் அமைப்புக்கும் அதன் அன்றைய தலைவர் ஜோசப் ராட்பிளாட்டுக்கும் 1995இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ராட்பிளாட் ஓர் இயற்பியலாளர். அணுக் கட்டுப்பாடு, விண்வெளி, பருவநிலை பற்றிய கூட்டங்களில் தொடங்குங்கள். போகுமுன், பேச்சில் வரப்போகும் வட்டாரத்தின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேச்சு அதிலேயே விளங்கிவிடும்.

கேள்வி: வெளிநாட்டுப் பேராசிரியரிடம் கேள்வி கேட்க ஆசை. ஆங்கிலம் தடுமாறுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை; பேச வந்தவருக்கே ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கலாம். நீண்ட முன்னுரை வேண்டாம், கேள்வி ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். கூட்டம் நடத்துபவர்களுக்கும் என் வேண்டுகோள்: முதல் கேள்வியை ஒரு மாணவருக்குக் கொடுங்கள், பேராசிரியர்கள் பிறகு கேட்கலாம்.