தேறிய ஹிந்தி ஏன் பேச வரவில்லை?

கேள்வி: பள்ளி நாளில் ஹிந்தித் தேர்வுகள் எல்லாம் எழுதித் தேறியவள் நான். ஆனால் சௌகார்பேட்டைக் கடையில் ஹிந்தியில் விலை கேட்கப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எங்கள் தெரு டிபன் கடைக்கு வந்த பீகார்ப் பையனோ எந்த வகுப்புக்கும் போகாமல் ஒரே வருடத்தில் தமிழைக் கடகடவென்று பேசுகிறான். கணவருக்கு ஜெய்ப்பூருக்கு மாற்றல். பத்து வயது மகனை இப்போதே டியூஷனில் சேர்க்கலாமா, அங்கே போய்த் தானாகப் பழகட்டும் என்று விடலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அந்தப் பையன் பேசுவதை ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கள் தெருமுனைக் கடையிலும் ஒருவர் இருக்கிறார். "அக்கா வந்தான், பார்சல் வாங்கினான்" என்பார். நாம் சிரித்துவிட்டு இட்லியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். வேலை நடந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை, பிழை குடியேறிவிடுகிறது.

1965இல் கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தத் தொடங்கினார்கள். இந்த முறையில் படித்த பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். ஆனால் ஆண்பால், பெண்பாலில் பல வருடங்கள் கழித்தும் தடுமாறினார்கள். ஹிந்தியிலும் வம்பு அங்கேதான். ரொட்டி பெண்பால் என்பதால், தின்றவர் ஆணாக இருந்தாலும் 'மைனே ரோட்டீ காயீ' (நான் ரொட்டி தின்றேன்) என்று வினைச்சொல்லையும் பெண்பாலிலேயே சொல்ல வேண்டும்! வெறும் கேள்வி ஞானத்தில் இது பிடிபட நாளாகும். உங்களுக்கோ ஏற்கெனவே தெரியும். படித்தது வீணாகவில்லை, பேச ஆளில்லாமல் பரணில் கிடக்கிறது. வாரம் ஒருமுறை சௌகார்பேட்டை மின்ட் தெருவுக்குப் போய்ப் பேரம் பேசுங்கள். கடைக்காரர் நல்ல தமிழில் பதில் சொல்வார். நீங்கள் ஹிந்தியை விடாதீர்கள்.

மகனுக்குப் பேச்சு ஜெய்ப்பூர்த் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது வந்துவிடும். முதல் சில மாதங்கள் வாயே திறக்காமல் இருந்தாலும் பயப்படாதீர்கள். ஆனால் பள்ளி அதுவரை காத்திருக்காது. அதனால் எழுத்துகளை மட்டும் இப்போதே நீங்கள் சொல்லிக்கொடுங்கள். நம்முடைய ஒரு 'க' அங்கே நான்காகப் பிரிந்து நிற்கும். அதற்கே ஒரு மாதம் போய்விடும்.

டியூஷன்தான் வேண்டும் என்றால், இலக்கண அட்டவணையை ஒப்பிக்க வைக்கும் இடம் வேண்டாம். 1979 முதல் 1984 வரை மொழி கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து மாணவர்களை விடை தேட வைத்தார். இதை வீட்டிலேயே செய்யலாம். ஜெய்ப்பூர் ரயிலின் அட்டவணையை மகன் முன் விரித்து, வண்டி போபாலுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஹிந்தியிலேயே கேளுங்கள்.