எம்.எஸ்சி. அக்ரிக்கு அப்புறம் பிஎச்.டி.யா, வேலையா?

வணக்கம் சார். எம்.எஸ்சி. மண்ணியல் கடைசி செமஸ்டர், வயசு 24. வீட்ல பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்றாங்க, கைடு பிஎச்.டி. சேரச் சொல்றார். பேங்க்குக்குப் போனா படிச்ச எம்.எஸ்சி. வீணா சார்?
ச.

அன்புள்ள ச.,

பேங்க் விஷயத்தை முதல்ல பார்த்துடலாம். அரசு பேங்க்குகளுக்கு ஆள் எடுக்கிற ஐபிபிஎஸ் நடத்துற அக்ரி ஃபீல்டு ஆபீசர் எக்ஸாமுக்கு நாலு வருஷ டிகிரியே போதும், எம்.எஸ்சி.க்குன்னு தனி மார்க் எதுவும் கிடையாது. வயசு வரம்பு 30, ஓபிசிக்கு 3 வருஷம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருஷம் தளர்வு உண்டு. பிஎச்.டி. மூணு வருஷம்னு பேப்பர்ல இருந்தாலும் நாலஞ்சு வருஷம் சாதாரணமா இழுக்கும், அதை முடிச்சிட்டு பேங்க் பார்த்துக்கலாம்னு நினைச்சா கதவு சாத்துற நேரத்துக்குத்தான் போய் நிப்பீங்க. அந்த வேலைமேல ஆசை இருந்தா இந்த வருஷமே எழுதுங்க.

எம்.எஸ்சி. இருந்தாத்தான் உள்ளயே விடுற இடம் வேற. வேளாண் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு ஏஎஸ்ஆர்பி நெட் எழுத அது வேணும், கேவிகேன்னு சொல்ற வேளாண் அறிவியல் நிலையத்துல எஸ்எம்எஸ்ங்கிற பாட வல்லுநர் போஸ்ட்டுக்கும் வேணும். கேவிகே வேலைய நம்ம பசங்க ஏன் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஆராய்ச்சியில வந்ததை விவசாயி வயல்லயே போட்டுப் பார்க்கிற வேலை அது, நாட்டோட முதல் கேவிகே 1974ல ஆரம்பிச்சதே நம்ம பக்கத்துல புதுச்சேரியிலதான்.

பிரைவேட்ல உரக் கம்பெனி, மண் பரிசோதனை லேப்னு இருக்கு. அங்க உங்க தீசிஸ் தலைப்பை விட கைவேலையத்தான் பார்ப்பாங்க. ஓல்சன் முறையில மண்ணுல இருக்கிற பாஸ்பரஸை அளந்து பார்க்கிறீங்க, நீல நிறம் சரியா வரல, சோடியம் பைகார்பனேட் கரைசலோட பிஎச் 8.5ல நிக்கலயா, ரீஏஜென்ட் பழசா, மண் சேர்க்காத பிளாங்க் ஒண்ணு ஒப்பிட வச்சீங்களான்னு வரிசையா யோசிக்கத் தெரிஞ்சா உங்களை விடமாட்டாங்க. லேப் அசிஸ்டென்ட் போட்டுக் கொடுத்த ரீடிங்கை மட்டும் எக்செல்ல ஏத்தியிருந்தா, மிச்சமிருக்கிற மாசத்துல ஒவ்வொண்ணையும் நீங்களே செஞ்சு பாருங்க.

பிஎச்.டி.க்கு நான் எதிரி இல்ல. வேலை கிடைக்கிற வரைக்கும் ஃபெலோஷிப்ல ஓட்டலாம்னு சேர்றதுதான் பயமா இருக்கு. உங்க தீசிஸ்ல பதில் கிடைக்காத ஒரு கேள்வி இன்னும் உறுத்திக்கிட்டே இருந்தா தாராளமா சேருங்க, வெளிநாட்டையும் பாருங்க, ஜெர்மனி நெதர்லாந்து மாதிரி இடத்துல பிஎச்.டி.ய பல இடத்துல சம்பள வேலையாவே விளம்பரம் பண்றாங்க. ஆனா சேர்றதுக்கு முன்னாடி அந்த கைடுகிட்ட இப்ப படிக்கிறவங்க ரெண்டு பேர்கிட்டயாவது தனியா பேசிடுங்க, அவர் சாப்டரைத் திருத்தித் தர எத்தனை மாசம் எடுப்பார்னு கேளுங்க.