ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயிக்கும் கட்சி சொந்த நாட்டில் ஏன் தோற்கிறது?

கேள்வி: ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் முதலிடம் பிடிக்கும் கட்சிகள் சில மாதங்களிலேயே அந்த நாட்டுப் பொதுத்தேர்தலில் காணாமல் போய்விடுகின்றனவே, எப்படி? இரண்டிலும் ஓட்டுப் போடுவது அதே மக்கள்தானே?

அதே மக்கள்தான். அதில் நானும் ஒருவன். ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன், ஜெர்மன் குடியுரிமை வாங்கிய பிறகு 2019-லும் 2024-லும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பொதுவான அந்த நாடாளுமன்றத்தின் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டேன். இரண்டு முறையும் வேறு வேறு சின்னக் கட்சிகள். அந்த இரண்டு கட்சிக்கும் ஜெர்மனியின் பொதுத்தேர்தலில் நான் ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை, போடப்போவதும் இல்லை. என் மனசாட்சியைக் கொஞ்சம் கிண்டினாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குள் நுழைய ஒரு கட்சி பொதுவாக 5 சதவீத ஓட்டாவது வாங்க வேண்டும். 2 சதவீதக் கட்சிக்குப் போட்டால் அந்த ஓட்டு வீண். அதனால் மனதுக்குப் பிடித்த கட்சியை ஓரம் வைத்துவிட்டு, ஆட்சிக்கு வரக்கூடிய கட்சிகளில் எதைச் சகித்துக்கொள்ள முடியும் என்று பார்த்துப் போடுவேன். ஐரோப்பியத் தேர்தலில் அந்தத் தொல்லை இல்லை. இதற்கும் முன்பு 5 சதவீத வரம்பு இருந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் 2011-ல் அதை ரத்து செய்தது. அரசு அதை 3 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தது. 2014 பிப்ரவரியில் அதுவும் போயிற்று. நீதிமன்றம் சொன்ன காரணம்தான் முக்கியம்: ஐரோப்பிய நாடாளுமன்றம் ஓர் அரசாங்கத்தை அமைத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை, அதனால் சின்னக் கட்சிகள் நிறைய வந்தாலும் குடி முழுகிவிடாது. கோர்ட்டே இப்படிச் சொன்ன பிறகு வாக்காளன் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

ஜெர்மனிக்கு மொத்தம் 96 இடங்கள். 0.6 சதவீதம் வாங்கினாலே ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. 2024-ல் வாக்குச்சீட்டில் 34 கட்சிகள் இருந்தன. ஒரு முழத்துக்கு மேல் நீளும் தாள். விலங்குகள் நலக் கட்சி, குடும்பக் கட்சி எல்லாம் ஆளுக்கோர் இடம் வாங்கின. 'டி பார்டை' என்று ஒரு நையாண்டிக் கட்சி, பெயரின் பொருளே 'கட்சி'தான். அதன் மார்ட்டின் ஸோன்னெபோர்ன் 2014-ல் முதல்முறை ஜெயித்தபோது, மாதம் ஒருவர் ராஜினாமா செய்து அடுத்தவரை உள்ளே விடுவோம் என்று அறிவித்தார். அது நடக்கவில்லை, மனிதர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

சரி, இது விதிமுறையின் கதை. விதி இடம் கொடுத்தால் மட்டும் மக்கள் மாற்றிப் போட்டுவிடுவார்களா? இதை முதலில் கவனித்தவர்கள் கார்ல்ஹைன்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட முதல் ஐரோப்பியத் தேர்தல் 1979 ஜூனில் 9 நாடுகளில் நடந்தது. மறு ஆண்டே அவர்கள் எழுதினார்கள்: இது ஒரே ஐரோப்பியத் தேர்தல் இல்லை, ஒன்பது உள்நாட்டுத் தேர்தல்கள், அதுவும் இரண்டாம் தரத் தேர்தல்கள். இதில் யாரும் பிரதமர் ஆவதில்லை, எந்த ஆட்சியும் கவிழ்வதில்லை. அதனால் பலர் சாவடிக்கே வருவதில்லை. வருகிறவர்கள் ஆளுங்கட்சிக்கு ஒரு குட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள், பெரிய கட்சிகள் தேய்கின்றன, சின்னக் கட்சிகள் வளர்கின்றன. ஆட்சிக்காலத்தின் நடுவில் தேர்தல் வந்தால் குட்டு இன்னும் பலமாக விழும். 45 வருடம் கழித்தும் இதைப் பெரிதாகத் திருத்த வேண்டி வரவில்லை.

ஜெர்மானியர்கள் இந்தக் குட்டுக்கு 'டெங்க்செட்டல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மறந்துபோனவனுக்கு ஞாபகப்படுத்த எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூர் இடைத்தேர்தல் மாதிரியா என்று ஊரிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். ஆட்சி மாறாது என்ற நிலை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அங்கே அதற்காகவே ஆளுங்கட்சிக்குப் போடுகிறார்கள், இங்கே அதற்காகவே ஆளுங்கட்சியை அடிக்கிறார்கள்.

நீங்கள் கேட்கும் 'காணாமல் போகும்' வித்தைக்கு பிரிட்டனைவிட நல்ல உதாரணம் இல்லை. 2014 ஐரோப்பியத் தேர்தலில், ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேற வேண்டும் என்ற நைஜல் ஃபராஜின் யுகிப் கட்சி 26.6 சதவீதத்தோடு முதலிடம், 24 இடங்கள். மறு ஆண்டு பொதுத்தேர்தலில் 12.6 சதவீதம், ஒரே ஓர் இடம். ஓட்டு பாதியானது மக்கள் செய்தது. 24 ஒன்றானதில் பெரும்பங்கு தேர்தல் முறை செய்தது: ஐரோப்பியத் தேர்தலுக்கு விகிதாசாரம் (வாங்கிய ஓட்டு விகிதப்படி இடங்கள்), பொதுத்தேர்தலுக்குத் தொகுதியில் முதலில் வருபவருக்கே வெற்றி. 1989-ல் இரண்டுக்கும் ஒரே முறைதான் இருந்தது. அப்போது பிரிட்டனின் பசுமைக் கட்சி ஏறக்குறைய 15 சதவீத ஓட்டு வாங்கியும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. 1999-ல் விகிதாசாரம் வந்தது, அந்த வருடமே ஃபராஜ் உள்ளே போய்விட்டார். அதே மனிதர் சொந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைய 2024 வரை, எட்டாவது முயற்சி வரை காத்திருந்தார்.

2019 இன்னும் வேடிக்கை. வெளியேறுவதாக முடிவு செய்துவிட்ட ஒன்றியத்தின் நாடாளுமன்றத்துக்கே பிரிட்டன் மே 23 அன்று ஓட்டுப் போட வேண்டியிருந்தது. ஃபராஜின் புதிய பிரெக்ஸிட் கட்சி 30 சதவீதத்துக்கு மேல் வாங்கி முதலிடம். ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி 9 சதவீதத்துக்கும் கீழே போய் ஐந்தாமிடம். எண்ணிக்கை முடியும் வரைகூடப் பிரதமர் தெரசா மே காத்திருக்கவில்லை, மறுநாளே பதவி விலகலை அறிவித்தார். ஏழு மாதம் கழித்து, டிசம்பர் பொதுத்தேர்தலில் அதே கன்சர்வேட்டிவ் கட்சி 43.6 சதவீதத்தோடு 365 இடங்கள். பிரெக்ஸிட் கட்சி 2 சதவீதம், இடம் பூஜ்யம். (நியாயமாகச் சொல்வதென்றால், கன்சர்வேட்டிவ் வென்றிருந்த 317 தொகுதிகளில் ஃபராஜ் ஆளே நிறுத்தவில்லை.) மக்கள் மனம் மாறிவிட்டது என்று இதைச் சொல்ல மாட்டேன். மே மாதம் 'சீக்கிரம் வெளியேறு' என்று சொன்னவர்கள், டிசம்பரில் அதைச் செய்து முடிக்கக்கூடிய ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிதான் வேறு, கோபம் ஒன்றுதான்.

ஜெர்மனியிலும் இதே கதைதான், சத்தம் மட்டும் குறைவு. 2019-ல் பசுமைக் கட்சி 20.5 சதவீதம் வாங்கி இரண்டாமிடம் வந்தது. ஊரெங்கும் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தோறும் பருவநிலைக்காகத் தெருவில் இறங்கிய காலம். சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்பிடி 15.8-க்குச் சரிந்து, அதன் தலைவி ஆண்ட்ரியா நாலெஸ் சில நாட்களில் விலகினார். கட்சியின் கதை முடிந்தது என்றுதான் அலுவலகத்தில் காபி மெஷின் பக்கம் பேசிக்கொண்டோம். 2021 பொதுத்தேர்தலில் அதே எஸ்பிடி 25.7 சதவீதத்தோடு முதலிடம். ஓலாஃப் ஷோல்ஸ் பிரதமர். பசுமைக் கட்சி 15-ஐத் தொடவில்லை.

ஆனால் 'இது வெறும் குட்டு, இதனால் ஒன்றும் ஆகாது' என்று நினைத்தால் தப்பு. பிரான்ஸைப் பாருங்கள். 1981 அதிபர் தேர்தலில் நிற்கத் தேவையான மக்கள் பிரதிநிதிகளின் 500 கையெழுத்தைக்கூடத் தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென்னால் திரட்ட முடியவில்லை. 1984 ஐரோப்பியத் தேர்தலில் அவர் கட்சி கிட்டத்தட்ட 11 சதவீதம் வாங்கிப் பத்து இடங்களைப் பிடித்தது. அதோடு சம்பளம், அலுவலகம், உதவியாளர்கள், தொலைக்காட்சி வெளிச்சம் எல்லாம் வந்தன. வீட்டு வாசலில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஐரோப்பா கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமே வேண்டாம் என்ற கட்சிகளைச் சோறு போட்டு வளர்த்ததில் அந்த ஒன்றியத்தின் நாடாளுமன்றத்துக்கே பெரிய பங்கு உண்டு.

நாற்பது வருடம் கழித்து, 2024 ஜூன் 9 அன்று, மகள் மரீன் லெ பென்னின் கட்சி 31.4 சதவீதம் வாங்கியது. அதிபர் மக்ரோன் தரப்பு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அன்று இரவே மக்ரோன் நாடாளுமன்றக் கீழவையான தேசிய சபையைக் கலைத்தார். கலைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. குட்டை அவரே தூக்குத் தண்டனையாக எடுத்துக்கொண்டார். ஐரோப்பியத் தேர்தலில் 51 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து தேசிய சபைக்கான முதல் சுற்றில் 66 சதவீதத்துக்கு மேல். லெ பென் தரப்பு அதிலும் முதலிடம்தான். ஆனால் இரண்டாம் சுற்றில் மற்றவர்கள் கைகோத்துக்கொள்ள, மூன்றாமிடத்துக்குப் போனது.

எல்லா ஆளுங்கட்சியும் அடி வாங்குவதில்லை. பதவிக்கு வந்து சில மாதங்களே ஆனவர்கள் தேனிலவில் தப்பிக்கிறார்கள்: 2014-ல் இத்தாலியப் பிரதமர் ரென்ஸி 40.8 சதவீதம் வாங்கினார். 2024-ல் தேனிலவு முடிந்த பிறகும் ஜோர்ஜியா மெலோனியின் கட்சி, பொதுத்தேர்தலில் வாங்கியதைவிடக் கூடுதலாகவே வாங்கியது. இத்தாலியின் ஐந்து தொகுதிகளிலும் பட்டியலின் தலையில் தன் பெயரைப் போட்டு, சீட்டில் 'ஜோர்ஜியா' என்று எழுதினால் போதும் என்று பிரசாரம் செய்தார். பிரதமராக இருந்துகொண்டு அவர் அங்கே உறுப்பினராக உட்காரவே முடியாது, உட்காரும் எண்ணமும் இல்லை.

கட்சிகளே இப்படி என்றால் மக்களை என்ன சொல்ல? 2024-ல் என் தெரு விளக்குக் கம்பங்களில் எஸ்பிடி தட்டிகளில் வேட்பாளர் கட்டரினா பார்லி இருந்தார், பக்கத்திலேயே ஷோல்ஸ். ஷோல்ஸ் வேட்பாளரே இல்லை! மறுபக்கம், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவி பதவிக்கு மறுபடி போட்டியிட்ட உர்சுலா ஃபான் டெர் லையன் பெயர் எந்த நாட்டு வாக்குச்சீட்டிலும் இல்லை. 2019 இதைவிட மோசம். ஐரோப்பிய மக்கள் கட்சி என்ற அணியில் ஆணையத் தலைவர் பதவிக்கான முதன்மை வேட்பாளர் மான்ஃபிரெட் வேபர் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். தேர்தல் முடிந்ததும் நாட்டுத் தலைவர்கள் கூடிப் பேசி, பிரசாரத்தில் பேச்சே அடிபடாத உர்சுலாவைக் கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றம் 374 ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 383 போட்டு ஏற்றுக்கொண்டது.

இன்னொரு வினோதம், அணிகள். நாம் ஓட்டுப் போடுவது உள்நாட்டுக் கட்சிக்கு. அது அங்கே போய் மற்ற நாட்டுக் கட்சிகளோடு ஓர் அணியில் உட்காரும். அணி அமைக்கக் குறைந்தது 7 நாடுகளிலிருந்து 23 உறுப்பினர்கள் வேண்டும். 2024-ல் 84 உறுப்பினரோடு தொடங்கி மூன்றாவது பெரிய அணியாக ஆன 'ஐரோப்பாவுக்கான தேசபக்தர்கள்' அணி, ஓட்டுப்பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்து, ஜூலையில்தான் பிறந்தது. ஓட்டுப் போட்ட நாளில் இல்லாத அணிக்கு மூன்றாமிடம்! எந்த வாக்காளனைக் குறை சொல்வது?

அந்த நாடாளுமன்றம் வேலையே செய்யாததா என்றால் அப்படியும் இல்லை. சட்ட முன்மொழிவை அதுவாகக் கொண்டுவர முடியாது, ஆணையம்தான் கொண்டுவர வேண்டும். ஆனால் வருவதைத் திருத்தவும் தடுக்கவும் முடியும். எல்லை தாண்டினால் போனுக்கு ரோமிங் கட்டணம் இல்லை, எல்லா போனுக்கும் ஒரே வகை சார்ஜர். இதெல்லாம் அங்கே ஓட்டெடுத்து வந்தவை. ஒரு தட்டியில்கூட இதைப் பற்றி நான் பார்த்ததில்லை.

வாக்குப்பதிவு 1979-ல் 62 சதவீதம், 2014-ல் 42.6 வரை விழுந்து, 2019-லும் 2024-லும் 50-ஐ ஒட்டி நின்றது. ஆனால் இந்தச் சராசரியை நம்பாதீர்கள். ஓட்டுப் போடுவது கட்டாயமான பெல்ஜியத்தில் 90-ஐ நெருங்குகிறது. 2014-ல் ஸ்லோவாகியாவில் 13, 2024-ல் குரோஷியாவில் 21.

ஸ்டுட்கார்ட்டில் 2024-ல் கூட்டம் இருந்ததற்குக் காரணம் ஐரோப்பா இல்லை. அதே நாளில் நகரசபைத் தேர்தலும் நடந்தது. இந்த ஊர் நகரசபைக்கு 60 இடங்கள், ஒவ்வொருவருக்கும் 60 ஓட்டு. பிடித்தவருக்கு மூன்று வரை குவிக்கலாம், பல கட்சிப் பட்டியல்களிலிருந்து பொறுக்கியும் போடலாம். சீட்டுகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து நானும் என் மனைவியும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம்: யார் வாடகையைப் பற்றிப் பேசுகிறார், யார் எந்த டிராம் பாதையை ஆதரிக்கிறார் என்று. ஐரோப்பியச் சீட்டுக்குச் சாவடியில் எனக்கு அரை நிமிடம் ஆனது.

அந்த வருடம்தான் ஜெர்மனியில் ஐரோப்பியத் தேர்தலுக்கு 16 வயதுக்காரர்களும் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்கள். என் மகளுக்கும் அதுதான் முதல் தடவை. யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை, அவளாகச் சொல்லவும் இல்லை. ஆறு மணிக்கு டிவி போட்டோம். அடுத்த ஒரு மணி நேரம் பேசியதெல்லாம் ஷோல்ஸின் கூட்டணி தாங்குமா என்பதைத்தான். "அப்பா, இது எதுக்கான தேர்தல்?" என்றாள். பிறகு, "நீ போட்ட கட்சி அங்கே யாரோட உட்காரும்?" என்றாள்.

ஏதோ ஓர் அணியின் பெயரைச் சொல்லிச் சமாளித்தேன். இந்தப் பதிலை எழுதும்போதுதான் தேடிப் பார்த்தேன். அந்த அணியில் இல்லை.