ஆன் ஆர்பரில் எல்லாரும் பேசும் அந்தக் கோச் யார்?

தம்பி, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் இந்த ஆன் ஆர்பருக்கு வந்து இரண்டே மாதம் ஆகியிருக்கும் நிலையில், மதிய உணவு மேசையில் எல்லாரும் ஜிம் ஹார்பா என்பவரைப் பற்றியே பேசுகிறார்கள், அவர் இப்போது இந்த ஊரில் வேலையில்கூட இல்லையாம், ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு இத்தனை பேச்சு எதற்கு, நானும் இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டத்தின் விதிகளை நீங்கள் இப்போதே கற்க வேண்டியதில்லை. எனக்கே இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பாதி விளங்கவில்லை. ஆனால் அந்த மனிதர் கடந்து வந்த பாதையைத் தெரிந்துகொண்டால் இந்த ஊர்க்காரர்களின் மனம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

முதலில், அவர் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆள் இல்லை. அவருடைய தந்தை ஜாக் ஹார்பா 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியில், போ ஷெம்பெக்லர் என்ற புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளரின் கீழ் உதவியாளராக இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் பயிற்சி மைதானத்தின் ஓரத்திலேயே வளர்ந்தார்கள். நீங்கள் நாள்தோறும் கடந்துபோகும் பயனியர் உயர்நிலைப் பள்ளி, ஆட்ட நாளில் புல்வெளி முழுவதும் கார்களாக நிற்குமே, அங்கேதான் ஜிம் படித்தார். தந்தைக்குக் கலிபோர்னியாவில் வேலை அமைந்ததால் பள்ளியின் கடைசி ஆண்டுகளை அங்கே முடித்துவிட்டு, கல்லூரிக்கு மீண்டும் இங்கேயே வந்து சேர்ந்தார்.

கல்லூரி அணியில் ஜிம் குவார்ட்டர்பேக்காக ஆடினார். குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. தாக்கி ஆடும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் அவர் கைக்கே வரும். 1984இல் கை எலும்பு முறிந்து ஜிம் வெளியே உட்கார்ந்தபோது அணி ஆறு ஆட்டங்களில் வென்று ஆறில் தோற்றது. அடுத்த ஆண்டு அவர் திரும்பியதும் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. 1986 நவம்பரில் மினசோட்டாவிடம் எதிர்பாராமல் தோற்ற கையோடு, அடுத்த சனிக்கிழமை பரம எதிரியான ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை அவர்கள் மண்ணிலேயே வெல்வோம் என்று செய்தியாளர்களிடம் உறுதி கொடுத்துவிட்டார். ஷெம்பெக்லரின் அணியில் இது கேள்விப்படாத சங்கதி. கடைசி நேரத்தில் ஒஹாயோவின் உதை இலக்குத் தவற, மிச்சிகன் 26-24 என்று வென்றது. உங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயதைக் கடந்த யாரையேனும் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தேநீர் ஆறிப்போகும் வரை சொல்வார்கள்.

அதன்பின் சிகாகோ, இண்டியானாபோலிஸ் முதலான அணிகளில் 2000 வரை தொழில்முறை வீரராக ஆடினார். எனக்கு அவரிடம் மரியாதை வந்தது அந்தக் காலத்தின் ஒரு சிறு செய்தியால்தான்: ஆடிக்கொண்டிருக்கும்போதே, தந்தை தலைமைப் பயிற்சியாளராக இருந்த வெஸ்டர்ன் கென்டக்கி கல்லூரிக்குச் சம்பளம் வாங்காத உதவியாளராக உழைத்து, நல்ல மாணவ வீரர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக் கொடுத்தார். பிறகு இந்த ஆட்டத்துக்கென்று உதவித்தொகை தராத சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் தலைமைப் பொறுப்பேற்று, மூன்று ஆண்டுகளில் 29 வெற்றி, 6 தோல்வி என்று கணக்கை முடித்தார். 2007இல் ஸ்டான்ஃபர்டுக்குப் போனபோது அந்த அணி முந்தைய ஆண்டில் ஒரே ஒரு ஆட்டத்தில் வென்றிருந்தது. சூதாட்டக்காரர்கள் 41 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணித்த அந்த அணி, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை அதன் ஊரிலேயே 24-23 என்று வீழ்த்தியது. பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோ தொழில்முறை அணியைத் தொழில்முறைப் பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோய், 2013 பிப்ரவரியில் 34-31 என்று தோற்றார். எதிரணியின் பயிற்சியாளர் அவருடைய சொந்த அண்ணன் ஜான்.

அவர் 2015 பருவத்துக்கு மிச்சிகன் திரும்பியபோது ஊரே மாப்பிள்ளை அழைப்புப் போல நடந்துகொண்டது. ஆனால் ஒஹாயோவிடம் அடுத்தடுத்து ஐந்து ஆண்டுகள் தோற்றார். 2020இல் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. அந்த ஆண்டு ஒஹாயோ ஆட்டம் கொரோனாவால் நடக்கவே இல்லை. அதுவரை வாழ்த்தியவர்கள் எல்லாம் அவரை அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகம் அனுப்பவில்லை, ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டாலராக இருந்த சம்பளத்தை அடிப்படையாக 40 லட்சமாகக் குறைத்தது, அவரும் கையெழுத்திட்டார். ஒரு கோச்சுக்கு இவ்வளவா என்று நீங்கள் வியப்பது நியாயமே. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்லர், இத்தகைய பயிற்சியாளர்தான். இங்கே அந்தப் பணம் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, நன்கொடை ஆகியவற்றிலிருந்து வருகிறது.

2021 நவம்பரில், பனி விழுந்துகொண்டிருந்த பிற்பகலில், மிச்சிகன் 42-27 என்று ஒஹாயோவை வென்றது. வீட்டில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்த எனக்கு, தெருவில் ஒரே நேரத்தில் எழுந்த கூச்சல் தொலைக்காட்சி இல்லாமலே முடிவைச் சொல்லிவிட்டது. அந்தப் பருவத்தில் கிடைத்த ஊக்கத்தொகையை, கொரோனாக் காலத்தில் ஊதியம் வெட்டப்பட்ட விளையாட்டுத் துறை ஊழியர்களுக்கே தருவதாக ஹார்பா அறிவித்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. 2023 பருவத்தில் அவர் இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று ஆட்டங்களுக்கு, இடைநீக்கம் செய்யப்பட்டார்: முதலில் மாணவர்களைச் சேர்ப்பதில் விதிமீறல் பற்றிய விசாரணை, பிறகு எதிரணிப் பயிற்சியாளர்கள் தம் வீரர்களுக்குக் காட்டும் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த விவகாரம். அவர் இல்லாமலே ஒஹாயோவை அணி 30-24 என்று வென்றது. 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வென்று, ஆடிய 15 ஆட்டங்களிலும் தோல்வியின்றித் தேசியப் பட்டம் பெற்றது. அதே மாதம் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். விதிகளை வளைத்தவர் என்று சிலர், பட்டம் தந்த ஊர்ப்பிள்ளை என்று பலர். என்னைக் கேட்டால் இரண்டும் உண்மை. ஆனால் மேசையில் இதில் உங்கள் கருத்தை முதல் ஆளாகச் சொல்லிவிடாதீர்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். நான் வந்த முதல் ஆண்டு, ஒஹாயோ ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அம்மா மதுரையில் வாங்கிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டரோடு அலுவலகம் போனேன். சிவப்பு ஒஹாயோவின் நிறம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் கடிந்து பேசவில்லை. வரவேற்பறை அம்மையார் மட்டும் எழுந்து வந்து, தம் நாற்காலியில் கிடந்த நீலச் சால்வையை என் தோளில் போர்த்திவிட்டுப் போனார். அதனால் நவம்பர் கடைசியில் நீலமோ மஞ்சளோ உடுத்துங்கள். உள்ளூர் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் மளிகையை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள், ஏனென்றால் 1,07,601 பேர் அமரும் மிச்சிகன் அரங்குக்குப் போகும் கூட்டம் மெயின் தெருவைக் காலையிலேயே அடைத்துவிடும். அரங்கின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளியிலிருந்து பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே காலடி வைத்ததும்தான் கிணறு போல அது கீழே இறங்குவது தெரியும்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு என்னிடம் ஒரு சீட்டு மிச்சம் இருக்கிறது. பை எதுவும் கொண்டுவர வேண்டாம், கையுறையையும் குல்லாவையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். காரை என் வீட்டு வாசலில் நிறுத்தலாம். பக்கத்து வீட்டுக்காரர் தம் புல்வெளிக்குக் கேட்கும் தொகையை நீங்கள் கொடுக்க வேண்டாம்.